ஏழாம் பிரிவில் நான் சேர்த்த வார்த்தை

போன வாரம் பிரவீன் போனில் கூப்பிட்டான். குன்னூர் தேயிலைத் தரகு ஆபீசில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

"மேடம், கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் அக்ரிமெண்ட் புதுப்பிக்க வந்திருக்குங்க. அவங்க அனுப்புன டிராஃப்ட்ல ஏழாவது பிரிவை மாத்தியிருக்காங்க. வெளியாள் யாராவது சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி தெரிஞ்சா, சந்தேகம் வந்த நேரத்துல இருந்து ஒரு நாளைக்குள்ள சொல்லணும்னு நம்ம பழைய பிரிவுல இருக்கு. அவங்க, 'உறுதியான சம்பவம்' மட்டும் சொல்றோம்கறாங்க. படிக்க நீட்டாத்தானுங்க இருக்கு. அப்புறம் அதுக்குக் கீழ இருக்கற ஏழு-ஆ எந்த டெம்ப்ளேட்லயும் இல்லைங்க மேடம். எடுத்துடலாமுங்களா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. அதைத் துடைக்காமல் சால்வையை எடுத்துக்கொண்டு சிம்ஸ் பார்க் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். என்னால் உட்கார முடியாது என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தெட்டு வயது வரை உட்காரப் பொறுமையில்லாமல்தான் விருப்ப ஓய்வு வாங்கினேன். ஆனால் இந்த முறை நடக்க வைத்தது அந்த ஒற்றை வார்த்தை. "உறுதியான." அதை முதன்முதலில் ஏழாம் பிரிவில் சேர்த்தவள் நான். பிரவீனுக்கு அது தெரியாது. ஒரு வரியில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. மறுநாள் அவனிடம் எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதுதான் அது.

நான் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, இரண்டு இடத்தில் வேலை பார்த்து, இரண்டு இடத்திலும் அலுத்துப்போய் மலை ஏறினேன். தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. கீழே திருப்பூருக்குப் போகிற பஸ்ஸில் தோட்டத்துக் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு ஏறிக்கொண்டிருந்தன. நான் எதிர்ப் பஸ்ஸில் வந்து இறங்கினேன். "எல்லாரும் எறங்கறப்ப நீ ஏறறயே" என்று அம்மா கேட்டாள். தரகு ஆபீசில் முதல் கம்ப்யூட்டர் வருகிறது, அதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். முதல் என்ற சொல் போதும் எனக்கு.

அங்கே மேலதிகாரி நஞ்சப்பன் சார். பெரிய நாக்குக்காரர். ஒரு கிண்ணம் டீயை உறிஞ்சித் துப்பிவிட்டு எந்தச் சரிவில் பறித்தது, மெஷினில் எவ்வளவு சூடு கூடிப்போனது என்று சொல்லிவிடுவார். வடக்குப் பார்த்த ஜன்னல் வைத்த டேஸ்டிங் அறைதான் அவருக்கு ஆபீஸ், கோர்ட், கோயில் எல்லாம். வரிசையாக வெள்ளைப் பீங்கான் கூஜாக்கள். ஒவ்வொன்றிலும் எடை போட்ட தூள். கொதிநீரை ஊற்றியதும் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். ஆறு நிமிடம் யாரும் பேசக்கூடாது. மணல் இறங்கியதும் சாற்றைக் கிண்ணத்தில் கவிழ்த்து, வெந்த இலையை மூடியில் தட்டி முகர்வார். கேட்பதைத் தரமாட்டேன் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பிடிக்காவிட்டால் கரண்டியைக் கீழே வைப்பார். அவ்வளவுதான். லீவு கேட்டாலும் அப்படித்தான், கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். கேட்டாலும் அப்படித்தான்.

வியாழக்கிழமை ஏலம். புதன் மதியத்துக்குள் ஒவ்வொரு ஃபேக்டரியும் தன் 'லிமிட்'டை ஃபேக்ஸில் அனுப்பும். இந்த விலைக்குக் கீழே என் சரக்கை விற்காதே என்பதுதான் லிமிட். வாங்குகிறவர்களுக்கு அது தெரியவே கூடாது. தெரிந்தால் அதற்கு மேல் ஒரு பைசா ஏற மாட்டார்கள். நஞ்சப்பன் சார் அதைப் பென்சிலால் ஏலக் கேட்லாக்கின் ஓரத்தில் எழுதி, கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வார். டீ குடிக்கப் போனாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை உள்ளே ஏற்றியவர் யோகராஜ் அண்ணன்.

ஆபீசில் எல்லாவற்றையும் டைப் அடிப்பவர் அவர்தான். கேட்லாக், கடிதம், ஒப்பந்தம், கல்யாண லீவு விண்ணப்பம் வரை. பதினாலு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். கீழ் கோத்தகிரிப் பக்கம் வீடு. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளை நாங்கள் லைன் வீடு என்றால் அவர் லயம் என்பார், சர்க்கரையைச் சீனி என்பார். என்னைக் "கம்ப்யூட்டர் தங்கச்சி" என்பார். நான் வேகமாகப் பேசினால், டைப்ரைட்டரில் வரி முடியும்போது அடிக்கிற மணியைப் போல நாக்கால் "டிங்" என்று ஒலி எழுப்புவார். நிறுத்து, அடுத்த வரிக்கு வா என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளக் கோவையில் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம். அவர்கள் அங்கிருந்தே போன் லைனில், மோடம் வழியாக உள்ளே வந்து சரிபார்ப்பார்கள். முதல் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு எளிமையாக இருந்தது: வழக்கமில்லாத எதைக் கண்டாலும் உடனே ஃபேக்ஸில் தெரிவிக்க வேண்டும். நல்ல பிரிவு. கோவைக்காரர்கள் எழுதியது. அவர்களுக்கு நீலகிரி மழை தெரியாது.

ஆடி பிறந்ததும் மலைப்பாதையில் போன் லைன் நனையும். பேசிக்கொண்டிருக்கும்போதே கரகரவென்று அறுந்துபோகும். மோடமும் அறுந்துபோகும், திரும்பத் திரும்ப முயலும். ஒவ்வொரு முயற்சியும் அவர்கள் பதிவில் 'தோல்வியுற்ற நுழைவு.' ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேக்ஸ். காலையில் வந்தால் ஃபேக்ஸ் பேப்பர் மேஜையிலிருந்து தரைக்கு இறங்கி, கதவுவரை போயிருக்கும்.

"ஏனம்மிணி, இது நம்ம ஆபீசா, ஜவுளிக்கடையா?" என்றார் நஞ்சப்பன் சார், காலால் அதை ஒதுக்கிக்கொண்டே.

சிரித்தோம். ஒரு புதன்கிழமை சிரிக்க முடியவில்லை. இந்த ஃபேக்ஸ்கள் லைனை அடைத்துக்கொண்டதில் ஒரு சின்ன ஃபேக்டரியின் லிமிட் வந்து சேரவே இல்லை. லிமிட் இல்லாத சரக்கு மறுநாள் கிடைத்த விலைக்குப் போய்விட்டது. அந்த ஃபேக்டரிக்காரர் வந்து ஒன்றும் கத்தவில்லை. டேஸ்டிங் அறை வாசலில் நனைந்த குடையோடு நின்றுகொண்டே இருந்தார். நஞ்சப்பன் சார் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. ஏழாம் பிரிவை நானே திருத்துகிறேன் என்று முன்னால் போய் நின்றேன். எனக்கு அப்போது எல்லாவற்றையும் உடனே சரிசெய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் எழுதினேன்: "உறுதியான பாதுகாப்புச் சம்பவங்களை மட்டும், உறுதியான நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்." என்ன அழகு! ஒரே வார்த்தையில் ஃபேக்ஸ் குவியல் ஒழிந்தது. கோவைக் கம்பெனி ஒரு கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டது. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்த வருடம் மழை விட்ட சமயம். ஏலத்திலிருந்து திரும்பிய நஞ்சப்பன் சார் கோட்டைக் கழற்றாமலே என்னைக் கூப்பிட்டார். கேட்லாக்கை விரித்தார். பென்சிலில் லிமிட், பக்கத்தில் பேனாவில் விற்ற விலை. பக்கம் பக்கமாக இரண்டும் ஒன்று.

"லிமிட்டைத் தொட்டதும் கம்முனு நின்னுக்கறானுங்க. மூணு வாரமாப் பாக்கறேன். ஒருத்தன் தும்மக்கூட இல்லீங்க அம்மிணி."

விலை விழுந்த காலத்தில் ஃபேக்டரிகள் லிமிட்டுக்கு மேல் கிடைக்கிற ஒன்றிரண்டு ரூபாயில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அதுவும் போனால் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்குவதை நிறுத்திவிடும். லிமிட் யாருக்குத் தெரியும்? சாருக்கு. டைப் அடிக்கிறவருக்கு. கம்ப்யூட்டர் பார்க்கிற எனக்கு. யோகராஜ் அண்ணனின் தங்கை புருஷன், வாங்குகிற ஒரு கம்பெனியின் குடோனில் மூட்டை அடுக்குபவர். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றுவரை அது ஒரு விஷயமாகவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டேஸ்டிங் அறைக்குள் நானும் இருந்தேன்.

"ஏனுங்க யோகராஜ், கொஞ்ச நாள் ஊட்டுல இருங்க. உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துருங்க."

"உடம்பு நல்லாத்தான் இருக்குங்க சார்."

"எழுதிக் குடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மணல் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் வெளியே போய், தன் இடத்தில் உட்கார்ந்து, தன் விண்ணப்பத்தைத் தானே ஒரு பிழையில்லாமல் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டார். டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடினார். வாசலில் என்னிடம், "சீனி காணாமப் போனா துரை வீட்டுலயா தேடுவாங்க? லயத்துலதான் தேடுவாங்க, தங்கச்சி" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை லிமிட்டை நான் ஏற்றினேன். வியாழன் ஏலம். விலை மறுபடி லிமிட்டிலேயே நின்றது.

அண்ணன் மேல் தப்பில்லை என்று இதிலேயே தெரிந்துவிட்டது என்று நினைத்து டேஸ்டிங் அறைக்கு ஓடினேன். நஞ்சப்பன் சார் என்னை நிதானமாகப் பார்த்தார். "அவரு இல்லாமயும் நடக்குது. அப்ப அவருக்குக் கூட்டாளி இன்னும் உள்ள இருக்காங்கன்னுதானுங்க அர்த்தம்?" என்றார். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. சந்தேகம் ஒரு நாற்காலி காலியானால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போதுதான் பட்டது. உடனே கோவைக்கு எஸ்.டி.டி.யில் கூப்பிட்டேன். எடுத்தவர் தினேஷ் என்ற இன்ஜினீயர்.

"எங்க சிஸ்டத்துக்குள்ள வழக்கமில்லாத நேரத்துல யாராவது வந்தாங்களா, தினேஷ்?"

தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "புதன்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு மெயின்டனன்ஸ் பாஸ்வேர்டுல ஒரு லாகின் இருக்குங்க மேடம். நாங்க பண்றது சனிக்கிழமைதான். இது நாங்க இல்லைங்க."

"எத்தனை புதன்கிழமை?"

"நாலு."

"எப்ப கவனிச்சீங்க?"

"ரெண்டாவது தடவைக்கு மறுநாளே கவனிச்சுட்டோமுங்க. ஆனா யாருன்னு கன்ஃபர்ம் ஆகல. கன்ஃபர்ம் ஆகாம உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே போட்டிருக்குங்களே மேடம். ஏழாவது பிரிவு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணனை வீட்டுக்கு அனுப்புவதற்கு எட்டு நாள் முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு நாள் அந்தத் தாள் கோவையில் ஒரு டிரேயில் படுத்திருந்தது. படுக்க வைத்தது என் வார்த்தை. ரிசீவரை வைத்த பிறகும் அது காதிலேயே இருப்பதுபோல இருந்தது. மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் அந்த நடையில் ஒரு சுற்று வந்து போனது. அதையும் எழுதிவிட வேண்டும்.

அந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றினேன், மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். திங்கட்கிழமை கம்பெனி மேனேஜர் காரில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, முகம் வெளுத்து, கையில் பர்லியாரில் வாங்கிய மங்குஸ்தான் பையோடு வந்து உட்கார்ந்தார்.

"எடுத்துக்கங்க சார், ஃப்ரெஷ்."

"டேஸ்ட் பண்றதுக்கு முந்தி பழம் தொடறதில்லீங்க" என்றார் நஞ்சப்பன் சார். பை மேஜை நடுவிலேயே இருந்தது.

மேனேஜர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். நுழைந்தது அவர்கள் கம்பெனியை விட்டுப்போன இன்ஜினீயர் ஒருவர்; லிமிட் அவர் வழியாகத்தான் வாங்குகிறவர்களுக்குப் போயிருக்கிறது. அவர் போன பிறகும் பாஸ்வேர்டை மாற்றவில்லை. "கன்ஃபர்ம் ஆனதும் முறைப்படி சொல்லலாம்னுதான் இருந்தோம். அந்த வார்த்தை உங்க பக்கம் கேட்டுப் போட்டதுங்க சார்."

"யாரு போட்டது?"

"நான்தானுங்க சார்" என்றேன். "போன வருசம். ஃபேக்ஸ் வராம இருக்கறதுக்கு."

நஞ்சப்பன் சார் கரண்டியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் இதைப் படிக்கவே இல்லீங்க அம்மிணி" என்றார். அந்த அறையில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட ஒரே குறை அது.

மேனேஜருக்குத் தைரியம் வந்துவிட்டது. "உறுதியாகாததைச் சொன்னா வீண் பதட்டம்தானுங்க சார். தப்பா இருந்தா யாரு பொறுப்பு?"

அப்போது கூஜாக்களில் சார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதைப் பேசினாலும் கை அதன் வேலையைச் செய்யும். ஊற்றி முடித்துக் கடிகாரத்தைத் திருப்பினார். எனக்கு வாய் நிற்கவில்லை, அந்த ஆறு நிமிட மௌனத்தை முதன்முறையாக உடைத்தேன்.

"சார், கடிகாரத்தை எப்பத் திருப்புனீங்க?"

"தண்ணி ஊத்துனதும்."

"சாயம் நல்லா இறங்கிருச்சுன்னு உறுதியான பொறகு திருப்பினா?"

அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாயில வைக்க முடியாதுங்க. கசந்து போயிருக்கும்" என்றார் மெதுவாக. பிறகு மேனேஜரிடம் திரும்பி, "சந்தேகம் வந்ததும் திருப்பணும். கன்ஃபர்ம் பண்றது அதுக்குள்ள நடக்கட்டும்" என்று சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

மதியம் வரை உட்கார்ந்து எழுதினோம். சரி, அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் நின்றேன். வழக்கமில்லாதது என்றால் என்ன என்று முதலில் எழுதினோம்: சொல்லாத நேரத்தில் நுழைவது, பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து வருவது, எங்களைக் கூப்பிடாமல் மெயின்டனன்ஸ் பாஸ்வேர்டைத் தொடுவது. மழையில் லைன் அறுந்த கதையெல்லாம் சனிக்கிழமை ஒரே தாளில். மற்றது எதுவானாலும் சந்தேகம் வந்த ஒரு நாளைக்குள், ஃபேக்ஸில் இல்லை, போனில், ஆளைக் கூப்பிட்டு. லைன் செத்திருந்தால் முதல் பஸ்ஸில் ஆளை ஏற்றி அனுப்ப வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும், சொன்னது பிறகு தப்பென்று ஆனால் அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கடைசி வரிக்குப் பிறகுதான் மேனேஜர் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஒரு மங்குஸ்தானை அவரே உரித்துத் தின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கீழ் கோத்தகிரிக்குப் பஸ் ஏறினேன். "கூட்டிட்டு வாங்க. உங்க வார்த்தை விசயம் எதுக்கு அவருகிட்ட, ஆபீஸ் பேரு போயிரும்" என்று நஞ்சப்பன் சார் சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் பறிக்காமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாகிக்கொண்டிருந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பதினொரு நாள் தாடி. அவர் மனைவி என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவில் சாய்ந்து, "தண்ணிக் கொழாய்ல நின்னா, ஒடம்பு எப்படி இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுனீங்களான்னு கேட்டுட்டுச் சிரிக்கிறாளுக" என்றார். "அவுங்களுக்கு நான் என்னா சொல்றது?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினீயர், புதன்கிழமை, எட்டு நாள். மூச்சு விடாமல் என் வார்த்தையையும் சொன்னேன். அவர் "டிங்" என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கோடாரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார்.

"தெரியும் தங்கச்சி."

"எப்படிண்ணா?"

"அந்த அக்ரிமெண்ட்ட டைப் அடிச்சது யாரு? நான்தானே. ஒங்க கையெழுத்துல இருந்துச்சு." சிராயைக் கையிலிருந்து பிடுங்கினார். "அடிக்கிறப்ப நல்ல வார்த்தையாத்தான் தெரிஞ்சிச்சு. இனி யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு இருக்கிற பேரேட்டக் கோயம்புத்தூர்லருந்து வாங்கிப் பாக்காம ஒருத்தன வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு ஒரு வரி போடுவீங்களா? போட்டா வாறேன்."

அடுத்த பஸ்ஸுக்கு அவர் தாடியை எடுத்துவிட்டுக் கிளம்பினார். ஆபீசுக்கு வந்து உறையைக் கழற்றி, முதலில் அடித்தது அந்த வரியைத்தான். சம்பவம் குறித்த பதிவின் நகலை வாங்கிப் பார்க்காமல் ஊழியர் எவர் மீதும் நடவடிக்கை கூடாது. நஞ்சப்பன் சார் இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று தன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணம் வைத்து, "யோகராஜ், இதைக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றார். அண்ணன் குடித்துவிட்டு, "சீனி போதாதுங்க சார்" என்றார்.

அதுதான் ஏழு-ஆ. அதற்குப் பிறகு எந்த ஒப்பந்தம் வந்தாலும் அண்ணன் ஒரு பிரிவு அடித்து முடித்ததும் விரலை எடுத்துவிட்டு என்னைக் கேட்பார்: "இந்த வரியால வீட்டுல உக்காரப் போறது யாரு, தங்கச்சி?" எனக்குப் பதில் தெரிந்தால்தான் அடுத்த வரி. அவர் ஓய்வு பெறும்வரை இது நடந்தது. பிறகு நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அனுப்பும் முன் பொறுக்காமல் பிரவீனைப் போனில் பிடித்தேன். கதையைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் கேட்டேன்.

"அவங்க டிராஃப்ட்டை அப்படியே ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஏதாச்சும் தகவல் வெளிய போனா, சந்தேகத்துல முதல்ல வீட்டுல உக்காரப் போறது யாரு பிரவீன்?"

"யாருங்க மேடம்… சிஸ்டத்துல எல்லாத்தையும் பாக்கற உரிமை இருக்கறவங்க."

"அது எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

லைன் இப்போதெல்லாம் அறுவதில்லை. அவன் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது.

"ஒரே ஆளுங்க மேடம்" என்றான். "நான்தானுங்க."